ஒரிஜினல் கட்டை

"முன்னே எப்படி இருந்துச்சோ அப்படியே மாட்டி வைன்னு சொன்னா..."

"எதை மாட்டறது? எதை மாட்டறது, ஆர்லீன்? எல்லாம் வித்தாச்சுன்னு எத்தனை தடவை..."

"மாட்டி வைன்னா மாட்டணும், கதை சொல்லக் கூடாது! வியாழக்கிழமை டெல் வர்றான். வான்கோழியைத் தின்னுட்டு, வாயைத் துடைச்சுக்கிட்டு, 'துப்பாக்கிய எடு'ன்னுதான் கேப்பான். நான் என்னத்தை எடுத்துக் காட்டறது? துண்டுல சுத்தி வச்சிருக்கியே, இந்தக் கோழிக் காலையா?"

"கோழிக் கால் இல்ல அது. ஆயிரத்தைந்நூறு டாலர்."

"ஆயிரத்தைந்நூறு டாலர் என் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்துல கிடக்கு. எண்ணெய் நாத்தம் வேற. தள்ளு அதை."

வெண்டல் கோஸ்கோ தள்ளவில்லை. துண்டை இன்னும் இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டான். கண்ணாடித் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் உலை முன்னால் நின்று முட்டி தேய்ந்து ஓய்வுக்கு வந்தவன். கோபம் வந்தால் எழுந்து போக முட்டி விடாது. அதனால் அவன் சண்டையெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே நடக்கும். ஆர்லீனுக்கு அது ஒரு வசதி.

துண்டுக்குள் இருந்தது அவளுடைய அப்பாவின் துப்பாக்கி. அப்படிச் சொன்னால் பாதிதான் சரி. பாதி அவளுடையது, பாதி தம்பி டெல்பர்ட்டுடையது. அப்பா சாகிறதற்கு முன்னால் இருவரையும் கட்டிலருகே கூப்பிட்டு, "வீட்டுல இருக்கறப்போ ஆர்லீன் வச்சுக்கட்டும். மான் வேட்டை திறக்கறப்போ டெல் எடுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்படியே ஒவ்வொரு நவம்பரும் டெல் வந்து தேங்ஸ்கிவிங் விருந்து சாப்பிட்டுவிட்டு, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மலைமேல் இருக்கிற வேட்டைக் கேம்ப்புக்குப் போவான். டிசம்பரில் துடைத்து எண்ணெய் போட்டு, மான் இறைச்சி ஒரு பையோடு திருப்பிக் கொண்டுவந்து வைப்பான். அதற்கு ஒரு கையெழுத்து கிடையாது, ஒரு பேச்சும் கிடையாது.

சனியன் பிடித்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு துப்பாக்கிச் சந்தையில். வெண்டல் அதைச் சும்மா பெருமைக்குக் கையில் பிடித்துக்கொண்டு போயிருந்தான். ஒரு மேஜைக்காரன் வாங்கித் திருப்பிப் பார்த்தான். "அடடே, இது டைப்ரைட்டர் கம்பெனிக்காரன் செஞ்சதாச்சே! உலகச் சண்டை நடந்தப்போ கொஞ்ச காலம்தான் செஞ்சான். கிடைக்கறதே கஷ்டம். ஆனா நடு இரும்பும் குழலும் மட்டுந்தான் அவனுது. மத்ததெல்லாம் மத்தவன் சாமான். பாவம்" என்றான்.

அந்தப் 'பாவம்' வெண்டலின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

விஷயம் இதுதான். சண்டை முடிந்ததும் பட்டாளத்தார் துப்பாக்கிகளையெல்லாம் கழற்றி, கழுவி, எல்லாக் கம்பெனிச் சாமானையும் ஒரே தொட்டியில் கொட்டி, கைக்கு அகப்பட்டதை எடுத்துப் பூட்டி அனுப்பிவிட்டார்கள். சுட்டால் சரி, அவர்களுக்கு அவ்வளவுதான். பிறகு வேண்டாமென்று மலிவாக விற்றபோது அப்பா பதினைந்து டாலர் அனுப்பினார்; துப்பாக்கி தபாலில் வந்தது. வந்த வாரமே, மலையேறச் சுமையாக இருக்கிறதென்று, குழலைத் தாங்குகிற மரக்கட்டையின் முன்பாதியை ரம்பத்தால் அறுத்து அடுப்பில் போட்டார். அந்தப் பக்கத்தில் அப்போது எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அறுக்காத கட்டையோடு கேம்ப்புக்குப் போனால் சிரித்திருப்பார்கள். எல்லாரும் அறுத்ததனால் இன்று அறுக்காத கட்டைக்கு அந்த விலை.

"உங்கப்பா அன்னிக்கு அந்த ரம்பத்தை எடுக்காம இருந்திருந்தா..." என்று வெண்டல் ஆரம்பித்தான்.

"எங்கப்பாவை இழுக்காதே. அவர் பதினஞ்சு டாலர்ல நாப்பது வருஷம் கறி கொண்டு வந்தார். நீ ஆயிரத்தைந்நூறு போட்டு ஒரு முயல் கொண்டு வந்தியா?"

"நான் சுடறதுக்கா பண்றேன்? ஒரிஜினலாக்கறேன்."

"என்ன ஒரிஜினல்? 'ஆர்'னு எழுத்துப் போட்ட, குண்டு தள்ளற தாழை இருபதுக்கு வித்துட்டு, ஒண்ணுமே போடாத தாழை நூத்தறுபதுக்கு வாங்கிட்டு வந்தே."

"டைப்ரைட்டர் கம்பெனிக்காரன் எழுத்துப் போட மாட்டான். எழுத்து இல்லாததுதான் அவனுது. அதான் விலை."

"அப்படின்னா பின்னாடி உன் ஆணி டப்பா முழுக்க ஒரிஜினல்தான்! எதுலயும் எழுத்து இல்ல. கொண்டு போய் வித்துட்டு வா, நம்ம கூரைய மாத்திடலாம்."

வெண்டலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாவை அடித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் பழையது திரும்பி வந்து உட்கார்ந்தது. விசைக்காப்பு, வார் வளையங்கள், தாழ், குறிபார்க்கும் கண் என்று எல்லாமே வந்து சேர்ந்தாயிற்று. கட்டை மட்டும் இல்லை. கட்டை இல்லாத துப்பாக்கி வெறும் குழாய். பழையபடி ஆக்கலாமென்றால் பழைய கட்டையும் இல்லை. வசந்தத்தில் ஒரு சந்தையில் கழற்றிய பழைய சாமானை விற்க வெண்டல் மேஜை போட்டிருந்தான்; அவன் சாண்ட்விச் வரிசையில் நின்றபோது, மேஜையில் உட்கார்ந்திருந்தவள் ஆர்லீன். ஆரஞ்சுத் தொப்பிக்காரன் ஒருவன் பெட்டியைக் கிளறி அறுத்த கட்டை ஒன்றை எடுத்தான். அவன் இருபது என்றான், அவள் நாற்பது என்றாள், முப்பத்தைந்துக்கு முடித்தாள். வெண்டல் வந்ததும் "பாத்தியா, உன்னைவிட நான் கெட்டிக்காரி" என்று நோட்டுகளை ஆட்டிக் காட்டினாள். அவன் ஏன் வாயே திறக்கவில்லை என்பது அவளுக்கு ஆகஸ்டில்தான் விளங்கியது: அவள் விற்றது அப்பாவின் கட்டை. வெடிப்புக்கு அப்பா சுற்றியிருந்த கறுப்பு டேப்பை, நல்ல விலை போகட்டுமென்று அவன் உரித்துத் துடைத்திருந்தான். டேப் இருந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"இன்னிக்கு ஃபயர் ஹால்ல சந்தை" என்றான் வெண்டல், மெதுவாக. "சாமான் விக்கற வெர்ல் வருவான். அவன்கிட்டத்தான் கட்டை இருக்கு. முழுக் கட்டை. பட்டாளப் பரிசோதகர் முத்திரை மரத்துல அப்படியே நிக்குது."

"எவ்வளவு?"

"செப்டம்பர்ல நானூறு. அக்டோபர்ல ஐந்நூறு."

"மரம் வளருதா?"

"நான்தான்... கட்டையில்லாம துப்பாக்கிய எடுத்துக்கிட்டு மேஜை மேஜையாக் கேட்டேன்."

ஆர்லீன் மாவுக் கையோடு அவனைப் பார்த்தாள். அந்த வட்டாரத்தில் குழந்தைக்கும் தெரியும்: சந்தையில் எது இருக்கிறதென்று சொல்லலாம், எது இல்லையென்று வாய் விடக்கூடாது. இவன் இல்லாததை ஊர்வலம் விட்டிருக்கிறான்.

"நீ கார்ல உக்காரு" என்றாள். "நான் போய் வாங்கிட்டு வரேன்."

ஃபயர் ஹாலில் தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே வரிசையாக மேஜை போட்டிருந்தார்கள். ஒரு மூலையில் சர்ச் பெண்கள் முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வெண்ணெயில் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்லீன் நேராகப் போகவில்லை. ஒரு மேஜையில் கத்தி பார்த்தாள், இன்னொன்றில் பழைய தண்ணீர்க் குடுவை விலை கேட்டாள். பிறகு தற்செயலாக வந்தவள்போல வெர்ல் ஸ்டோல்ட்ஸின் மேஜைக்கு வந்து, ஒரு தோல் வாரை எடுத்து முகர்ந்து பார்த்தாள். கட்டை அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு போர்வைமேல் படுத்திருந்தது. நீளமாக, அறுபடாமல்.

"இந்த வார் என்ன விலைங்க?"

"வாருக்கா வந்தீங்க, மிஸஸ் கோஸ்கோ?" வெர்ல் காப்பியை ஊதினான். நல்ல மனுஷன், சிரித்த முகம். "வெண்டல் கார்லயா இருக்காரு? குளிருதே. உள்ள வரச் சொல்லுங்க, பாவம், முட்டிவலிக்காரரு."

வாரை வைத்துவிட்டாள்.

"அந்தக் கட்டை?"

"அறுநூத்தைம்பது."

"செப்டம்பர்ல நானூறு சொன்னீங்களாம்."

"செப்டம்பர்ல அவருக்கு அவசரம் இல்ல."

"இப்போ மட்டும் என்ன அவசரம்? யாரு சொன்னா அவசரம்னு?"

"யாரும் சொல்லலைங்க. வியாழன் தேங்ஸ்கிவிங். சனிக்கிழமை மான் வேட்டை திறக்குது. உங்க தம்பி கேம்ப்லதான் என் மச்சானும் இருக்கான். 'டெல் பழைய துப்பாக்கியோடதான் வருவான், வேற எதையும் தொட மாட்டான்'னு சொல்லிச் சிரிப்பான்." வெர்ல் குரலைத் தாழ்த்தினான். "நான் எதுவும் வாய் விட மாட்டேன். என்னை நம்பலாம்."

அவன் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டுப் போயிருப்பாள்.

"ஐந்நூறு தரேன்."

"அறுநூத்தைம்பதுங்க. நான் பேராசைக்காரன் இல்ல. இதைப் பாருங்க." கட்டையை எடுத்துக் குழந்தையைக் கொடுப்பதுபோல அவள் கையில் கொடுத்தான். "போன மே மாசம் ஒரு அம்மா வந்தாங்க. வீட்டுக்காரர் தவறிட்டாராம். போர்வைல சுத்திக் கொண்டு வந்தாங்க. ஒரு திருகுகூட மாத்தாத துப்பாக்கி. என் வாழ்க்கைலயே அப்படி ரெண்டுதான் பாத்திருக்கேன்."

"அது எங்க?"

"பிரிச்சேன்."

"முழுசா இருந்ததையா?"

"முழுசா வித்தா ஆயிரத்தெண்ணூறு. பிரிச்சா மூவாயிரம். உங்க வீட்டுக்காரர் மாதிரி ஆளுங்க கை நீட்டிக்கிட்டு நிக்கறப்போ, முழுசா விக்க எனக்குப் பைத்தியமா?"

ஆர்லீன் கட்டையின்மேல் கையை ஓட்டினாள். முத்திரை விரலில் தட்டுப்பட்டது.

"வெண்டல் உங்ககிட்ட வாங்கின தாழு?"

"அதுவும் அதுலதான்."

"வளையம்? விசைக்காப்பு?"

"எல்லாம் அதுலதாங்க. அதான் ஒண்ணோட ஒண்ணு அவ்வளவு பொருத்தம். இந்தக் கட்டையும் சேர்ந்துட்டா அது அப்படியே..." அவன் தன் பேச்சைத் தானே கேட்டுக்கொண்டவன்போல நிறுத்திக் காப்பியைக் குடித்தான்.

"அவர் பேரு என்ன? அந்த அம்மா வீட்டுக்காரர் பேரு?"

"கேக்கலையே."

பக்கத்து மேஜையில் யாரோ ஒருவன் தாழை இழுத்து இழுத்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் கதவு பூட்டுவதுபோல அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

"வேண்டாம்னா ஒண்ணு பண்ணலாம்" என்றான் வெர்ல். "அவர் வாங்கினதையெல்லாம் நானே திருப்பி எடுத்துக்கறேன். பாதி விலைக்கு. இன்னொருத்தர் காத்துக்கிட்டிருக்காரு."

பாதி விலை வந்தால் கையில் காசு இருக்கும். டெல்லுக்குக் காட்ட ஒரு குழலும் நடு இரும்பும் இருக்கும். வாங்கினால் காட்ட ஒரு துப்பாக்கி இருக்கும். அது வேறொருவருடையதென்று அவளுக்குத் தெரிந்திருக்கும். எதுவும் செய்யாமல் போனால் டெல்லின் கேம்ப்பில் இவன் மச்சான் இருக்கிறான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது. கிறிஸ்துமஸுக்கென்று பாங்கில் மாதாமாதம் போட்டு நேற்றுத்தான் எடுத்த பணம் கைப்பையில் இருந்தது. எடுத்தாள்.

"பை தரட்டுமா?" என்றான் வெர்ல்.

"வேண்டாம். எல்லாருக்கும்தான் தெரியுமே."

காரில் வெண்டல் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தடவிக்கொண்டே வந்தான். "எவ்வளவுக்கு முடிச்சே?" என்று ஒரு தடவை கேட்டான். அவள் "நான் ஓட்டறப்போ பேசாதே" என்றாள். வண்டியை ஓட்டியது அவன்தான். இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை. அந்த அம்மாவைப் பற்றியும் அவள் அவனிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை டெல்பர்ட் கடையில் செய்த பூசணிப் பலகாரம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவன், மனைவி பிரிந்து போனவன். உரக்கப் பேசிப் பழக்கமானவன். "இந்த வருஷம் பெரிசு ஒண்ணு திரியுதாம் ஆர்லீன், கொம்பு இவ்வளவு!" என்று வாசலிலேயே கையை விரித்தான். சாப்பாட்டின்போது வெண்டல் அதிகமாகச் சிரித்தான். ஆர்லீன் அதிகமாகப் பரிமாறினாள். டெல் மூன்றாவது தடவை தட்டை மறைத்தான்.

"போதும்! மலையேறணும். துப்பாக்கிய எடு, பொழுதோட கிளம்பறேன்."

வெண்டல் உள்ளே போய்க் கொண்டுவந்தான். எழுந்து நடந்து போனான், முட்டி வலியைக்கூட மறந்து. மேஜைமேல் வெள்ளைத் துணியை விரித்து வைத்தான். அழகாகத்தான் இருந்தது. ஆளி விதை எண்ணெய் பூசிய மரம் ஜன்னல் வெளிச்சத்தில் தேன்போல மினுங்கியது. திருகுகளின் வெட்டெல்லாம் ஒரே திசையில் நின்றன.

"யாருது இது?" என்றான் டெல்.

"நம்மளுதுதான்! ஒரிஜினலாக்கிட்டேன். டைப்ரைட்டர் கம்பெனிச் சாமான், ஒண்ணு விடாம. இதோ பார் முத்திரை. வெளியில ரெண்டாயிரம் போகும். தாராளமா."

டெல் எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தான். இறக்கினான். மறுபடி வைத்தான்.

"நீளமா இருக்கே. பாரமா இருக்கு."

"அப்படித்தான் இருக்கணும். பட்டாளத்துல அப்படித்தான் இருந்துச்சு."

"அப்பா பட்டாளத்துக்குப் போகலையே." டெல் முன்பக்கத்தை விரலால் தடவினான். "அப்பா அறுத்த கட்டை எங்க? அந்த டேப் சுத்தினது?"

"நான்தான் வித்தேன், டெல்" என்றாள் ஆர்லீன். "தெரியாம. முப்பத்தஞ்சுக்கு."

"அட, அது கெட்டுப்போன கட்டை" என்று வெண்டல் குறுக்கே விழுந்தான். "வெடிச்சது. யாருக்கு வேணும்? ஆனா ஒண்ணு சொல்லிடறேன், இதை இப்படியே மழைல கொண்டு போயிடாதே. முத்திரை போயிடுச்சுன்னா பாதி விலை போயிடும். கேம்ப்புக்கு என் துப்பாக்கிய எடுத்துக்கோ. டெலஸ்கோப்கூட இருக்கு."

"மழைக்கு ஆகாத துப்பாக்கியா?"

"வச்சுப் பாக்கறதுக்கு."

"எதைப் பாக்கறது?"

"சொத்து டெல்! நம்ம எல்லாருக்கும் சொத்து!"

"நான் சொத்து கேட்டேனா வெண்டல்? சனிக்கிழமை காலைல பாறை மேல உக்கார ஒரு துப்பாக்கி கேட்டேன்." டெல் தாழை இழுத்தான், மூடினான். சத்தம் வழுக்கிக்கொண்டு வந்தது. "அப்பாவோடது பாதில சிக்கும். கொஞ்சம் மேல தூக்கித் தள்ளணும். எனக்குப் பன்னண்டு வயசுல சொல்லிக் குடுத்தார். இது சிக்கவே இல்லையே."

"புதுசு மாதிரி இருக்கில்ல?" என்றான் வெண்டல், பாராட்டென்று நினைத்து.

"இதுல அப்பா தொட்டது எது?"

"நடு இரும்பு அப்படியே இருக்கு. குழலும். நம்பர் பாரு, அதே நம்பர்."

"நம்பரை அப்பாவா போட்டார்?"

வெண்டல் துணியின் சுருக்கத்தை நீவினான். ஆர்லீன் ஒரு கரண்டியைக் கழுவினாள். அது ஏற்கெனவே கழுவியதுதான். 'அது செத்துப்போன வேற ஒருத்தரோட துப்பாக்கி, டெல். அவர் பேரை யாரும் கேக்கல' என்று சொல்லத் திரும்பியவள் கரண்டியை மறுபடி தண்ணீரில் பிடித்தாள். சொன்னால் வெண்டலுக்கு இருந்த ஒரே ஒரு பெருமையும் உடையும். சொல்லாவிட்டாலும் டெல் கண்டுபிடித்துவிட்டான்.

"கோபமா டெல்?" என்றாள்.

"கோபம் என்ன கோபம்." உரக்கப் பேசுகிறவன் அன்று உரக்கப் பேசவில்லை. துப்பாக்கியைத் துணிமேல் வைத்து, மூலையை இழுத்து மூடினான். தூங்குகிறவர்களுக்குப் போர்த்துவதுபோல இருந்தது. "எவ்வளவு ஆச்சு எல்லாத்துக்கும்?"

வெண்டல் ஆர்லீனைப் பார்த்தான், அவள் தட்டுகளை அடுக்கினாள்.

"நிறைய ஆகியிருக்கும். பாத்தாலே தெரியுது. ஒவ்வொரு துண்டும் நீங்க காசு போட்டு வாங்கினது. இது உங்க துப்பாக்கி, இதுல நான் பங்கு கேக்கல. வெண்டல், நீ நல்லா வச்சுக்கோ, மழைல எடுக்காதே." தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, அக்காவின் பக்கம் திரும்பினான். "ஆர்லீன், அப்பா துப்பாக்கில என் பாதி உன்கிட்டத்தானே இருந்துச்சு. அதை மட்டும் குடு, நான் கிளம்பறேன்."